ரீல் டேப் ரெக்கார்டருக்கு டிஜிட்டல் எண்காட்டி: சுற்றை எண்ணுவதா, நாடாவை அளப்பதா?

செந்தூல்வாசி எழுதியது:

எங்கள் குடும்பத்தின் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதற்காக அகாய் ஜி.எக்ஸ். 4000டி இயந்திரம் ஒன்றைச் சீர்ப்படுத்தி வைத்திருக்கிறேன். நாடாவின் ஒலியைப் படிக்கும் தலைகளும் மோட்டாரும் நன்றாக உள்ளன. நான்கு இலக்க எண்காட்டியை ஓட்டும் ரப்பர் பெல்ட் மட்டும் உருகிப் பிசினாகி, கப்பிகளில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாடாக்கள் பெரும்பாலும் 18 செ.மீ. சுருள்கள். ரேடியோ மலேசியா தமிழ்ப் பிரிவின் ஒலிபரப்பிலிருந்து எடுத்தவை, கோயிலில் பாடிய திருப்புகழ், கல்யாண வீட்டு நலங்குப் பாட்டு என்று பலவும் அவற்றில் உள்ளன. என் பெரியப்பா ஒவ்வோர் அட்டைப்பெட்டியின் உட்பக்கத்திலும் "112 திருப்புகழ், 347 வில்லுப்பாட்டு" என்பதுபோல் எண்களைக் குறித்து வைத்திருக்கிறார்.

பழைய எண்காட்டிக்குப் பதிலாக டிஜிட்டல் எண்காட்டி பொருத்தலாம் என்று எண்ணுகிறேன். சுருள் அமரும் தட்டின் அடியில் ஒரு சிறு காந்தம், அதன் எதிரே காந்தம் கடப்பதை உணரும் ஏ3144 வகை ஹால் சென்சார், ஒரு ஆர்டுவினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகை), டி.எம்.1637 நான்கு இலக்கத் திரை. இவை அனைத்தும் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் ஒரே நடையில் கிடைத்துவிடும். இத்திட்டத்தில் குறை ஏதும் இருக்கிறதா என்று அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

தண்ணீர்மலையான் எழுதியது:

தம்பி, இத்திட்டம் வேலை செய்யும். ஆனால் பழைய எண்காட்டி செய்த அதே வேலையை ஒளிரும் எழுத்தில் செய்யும், அவ்வளவுதான். அந்தப் பற்சக்கர எண்காட்டி காட்டியது நேரத்தையும் அன்று, நீளத்தையும் அன்று. சுருள் எத்தனை முறை சுற்றியது என்பதையே அது ஒரு விகிதத்தில் காட்டியது. சுருளின் நடுவில் நாடா குறைவாக இருக்கும்போது ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் வேறு, சுருள் நிறைந்திருக்கும்போது எடுக்கும் நேரம் வேறு.

கணக்கைப் பாருங்கள். 18 செ.மீ. சுருளின் நடுக்குமிழ் (நாடா சுற்றத் தொடங்கும் நடுப்பகுதி) விட்டம் 57 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாடாவின் தடிமன் 50 மைக்ரோமீட்டர், நீளம் 360 மீட்டர். விநாடிக்கு 19.05 செ.மீ. வேகத்தில் அது 31 நிமிடம் 30 விநாடி ஓடும். வலப்பக்கச் சுருள் முதல் சுற்றை முடிக்க ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரமே ஆகும், கடைசிச் சுற்றுக்கோ இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். மொத்தம் ஏறக்குறைய 1,048 சுற்றுகள். நேரத்தில் சரிபாதி வரும்போது சுற்று எண்ணிக்கை பாதியான 524இல் நிற்காது, 643ஐத் தொட்டிருக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதே சுருளில் 35 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நீண்ட நேர நாடாவைச் சுற்றினால், 643ஆம் சுற்றில் 180 மீட்டருக்குப் பதிலாக 161 மீட்டர்தான் ஓடியிருக்கும். ஒரே எண், இரண்டு நாடாக்கள், ஒன்றே முக்கால் நிமிட வேறுபாடு. நடுக்குமிழின் அளவு மாறினாலும் இதே கதைதான். ஆகவே சுற்று எண் என்பது அந்த இயந்திரம், அந்தச் சுருள், அந்த நாடா ஆகிய மூன்றும் சேர்ந்தால் மட்டுமே பொருள் தரும் எண். நீங்கள் இவ்வளவு பாடுபட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்துவதானால், அது தரும் எண் நாடாவுக்கே உரியதாக இருக்க வேண்டும். நாளை வேறொருவர் வேறோர் இயந்திரத்தில் அந்த நாடாவை ஏற்றினாலும் "இத்தனையாவது மீட்டர்" என்று போய் நிற்க முடிய வேண்டும். அதற்கு நாடாவையே அளக்க வேண்டும்.

யாழினி_பிஜே எழுதியது:

ஐயா கூறும் குறையை மென்பொருளாலேயே தீர்க்க முடியும் என்று நினைக்கிறேன். இரண்டு சுருள்களின் அடியிலும் ஆளுக்கொரு சென்சார் வைத்து, ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தை அளந்தால் போதும். நாடாவின் வேகம் நமக்குத் தெரியும். வேகத்தைச் சுற்று நேரத்தால் பெருக்கினால் அந்த நொடியில் சுருளில் உள்ள நாடாவின் சுற்றளவு கிடைத்துவிடும், அதிலிருந்து ஆரமும் கிடைக்கும். இரு சுருள்களின் ஆரங்களுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகை நாடா முழுவதும் ஓடி முடியும் வரை மாறாது, ஏனென்றால் ஒன்றிலிருந்து போனதுதான் மற்றொன்றுக்கு வந்திருக்கிறது. எனவே குமிழின் அளவையோ தடிமனையோ முன்கூட்டிச் சொல்லாமலே, சில நிமிடங்கள் ஓடியபின் ஆர்டுவினோ தானாகவே அவற்றைக் கண்டுபிடித்துவிடும். வீடியோ கேசட் இயந்திரங்கள் மீதி நேரத்தைக் காட்டியதும் சுருள்களின் சுழற்சியிலிருந்துதான். நாடாவைத் தொடும் புதிய பாகம் எதுவும் இதில் தேவையில்லை என்பது பெரிய நன்மை.

தண்ணீர்மலையான் எழுதியது:

நல்ல வழிதான் அம்மா, தொடாமல் அளப்பது எனக்கும் பிடித்த கொள்கை. ஆயினும் மூன்று இடங்களில் அது தடுமாறும்.

முதலாவது, இந்தக் கணக்கு முழுவதும் நேர அளவீட்டின் மேல் நிற்கிறது. ஆர்டுவினோ ஊனோ போன்ற பலகைகளில் நுண்கட்டுப்படுத்திக்கு நேரம் சொல்வது குவார்ட்ஸ் படிகம் அன்று, செராமிக் ரெசனேட்டர். அதில் அரை விழுக்காடு பிழை இருந்தாலே அரைமணி நேர நாடாவில் ஒன்பது விநாடிக்கு மேல் தவறிவிடும். படிகம் உள்ள பலகையை வாங்கினால் இது தீரும்.

இரண்டாவது, இயந்திரத்தின் வேகமே சரிதானா என்ற கேள்வி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சந்தையில் கிடைக்கும் பல இயந்திரங்கள் அமெரிக்காவுக்கென 60 ஹெர்ட்ஸில் செய்யப்பட்டவை. மின்னழுத்தத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, மோட்டார்த் தண்டின் கப்பியை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஏசி சின்க்ரனஸ் மோட்டார் உள்ள இயந்திரமானால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் பதிவு செய்த நாடாவைச் சரியான இயந்திரத்தில் போட்டால், ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் ஏறக்குறைய இரண்டரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும். 1967இல் வந்த ரெவாக்ஸ் ஏ77 போல, கேப்ஸ்டன் (நாடாவை ஒரே வேகத்தில் இழுக்கும் தண்டு) மோட்டாரின் வேகத்தை மின்னணுச் சுற்றே கட்டுப்படுத்தும் இயந்திரங்களுக்கு இத்தொல்லை இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். முன்னோக்கியும் பின்னோக்கியும் வேகமாகச் சுற்றும்போது நாடாவின் வேகம் நமக்குத் தெரியாது. அப்போது உங்கள் கணக்கு, ஏற்கெனவே கண்டுபிடித்த தடிமனையும் குமிழ் அளவையும் நம்பிச் சுற்றுகளை எண்ணிக்கொண்டு போக வேண்டும். நாடாவை ஏற்றியவுடனே வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால் அதனிடம் கைவசம் எதுவும் இருக்காது. தளர்வாகச் சுற்றிய சுருளில் அடுக்குகளுக்கிடையே காற்றும் புகுந்திருக்கும் என்பதால், அளந்து கிடைக்கும் தடிமனும் ஒரே மாதிரி இராது.

நாடாவின்மேல் உருளும் ஓர் உருளை இருந்தால் இவை எதுவும் வேண்டியதில்லை. ரெவாக்ஸ் பி.ஆர்.99 இரண்டாம் பதிப்பிலும் டியாக் எக்ஸ் 2000இலும் இயந்திரம் செய்தவர்களே நேரம் காட்டும் மின்னணு எண்காட்டியைக் கொடுத்திருந்தார்கள். நம்முடைய வீட்டு இயந்திரங்களுக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

செந்தூல்வாசி எழுதியது:

உருளை என்றால் எவ்வளவு பெரியது, எங்கே பொருத்துவது, ஐயா? கேப்ஸ்டன் தண்டு ஏற்கெனவே நாடாவோடு ஒட்டித்தானே சுழல்கிறது, அதையே எண்ணினால் என்ன?

தண்ணீர்மலையான் எழுதியது:

கேப்ஸ்டன் ஆகாது. நாடா நின்றிருந்தாலும் அது சுழன்றுகொண்டே இருக்கும், வேகமாகச் சுற்றும்போது நாடா அதைத் தொடுவதே இல்லை.

உருளையின் விட்டம் 30.3 மி.மீ. இருந்தால் சுற்றளவு 9.525 செ.மீ. வரும். விநாடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் விநாடிக்கு ஒரு சுற்று, 19 செ.மீ. வேகத்தில் இரண்டு சுற்று. இந்த அளவு கணக்குக்கு வசதியே தவிரக் கட்டாயமன்று. எந்த விட்டமாக இருந்தாலும் மென்பொருளில் ஒரு பெருக்கெண் மாறும், அவ்வளவே. லேத் பட்டறையில் அலுமினியத்திலோ பித்தளையிலோ கடைந்து தரச் சொல்லுங்கள். இரும்பு வேண்டாம், அது காந்தமேறினால் நாடாவில் இரைச்சல் சேரும். நடுவில் சிறிய பால் பேரிங் ஒன்று போதும்.

நுட்பமான செய்தி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடா உருளையின்மேல் வளையும்போது அதன் தடிமனில் பாதி ஆழத்தில் உள்ள தளம்தான் நீளம் மாறாமல் இருக்கும். ஆகையால் கணக்குக்கு எடுக்க வேண்டிய விட்டம் உருளையின் விட்டத்தோடு ஒரு நாடாத் தடிமனைச் சேர்த்தது. 30 மி.மீ. உருளையில் 50 மைக்ரோமீட்டரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அரைமணி நேரத்துக்கு மூன்று விநாடி தவறும். அதைச் சேர்த்தபின் நாடாவின் வகை மாறினாலும் பிழை ஒன்றரை விநாடிக்குள் அடங்கிவிடும். பட்டறையில் கடைந்த விட்டத்தை நம்பி உட்காராமல், பழைய நாடாத் துண்டு ஒன்றில் 20 மீட்டரை அளவுநாடாவால் அளந்து இரு முனைகளிலும் குறியிட்டு, அதை உருளையின்மேல் ஓடவிட்டுப் பெருக்கெண்ணைக் கண்டுபிடியுங்கள். இம்முறை இயந்திரத்தின் வேகத்தைச் சார்ந்ததன்று. வேகம் தவறான இயந்திரத்திலும் நீளம் சரியாகவே வரும்.

இடத்தைப் பொறுத்தவரை, கேப்ஸ்டனுக்கும் வலப்பக்கச் சுருளுக்கும் இடையே வைப்பதையே நான் வற்புறுத்துவேன். இடப்பக்கம் வைத்தால் உருளையின் சிறு கோணலும் பேரிங்கின் கரகரப்பும் நாடாவின் இழுவிசையை மாற்றித் தலைகளுக்குப் போய், நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் நடுக்கமாகக் கேட்கும். வலப்பக்கம் வைத்தால், நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் பின்ச் ரோலர் நடுவில் நின்று அதைத் தடுத்துவிடும். நாடா உருளையைக் கால் வட்டமாவது தழுவிச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேகமாகச் சுற்றும்போது இடையில் காற்று புகுந்து நாடா வழுக்கும். வழுக்குகிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு: ஒரு குறியில் பூச்சியம் வைத்து, கடைசி வரை வேகமாகச் சுற்றி, மீண்டும் அதே குறிக்குத் திரும்பி வாருங்கள். பூச்சியம் வந்தால் வழுக்கவில்லை.

யாழினி_பிஜே எழுதியது:

உருளை வழியே சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். திசையை அறிவதற்கு உருளைக்கு இரண்டு சென்சார்கள் வேண்டும். ஒன்றின் துடிப்பு மற்றொன்றைவிடக் கால் பங்கு முந்தியோ பிந்தியோ வரும்படி வைத்தால், எது முந்துகிறது என்பதைக் கொண்டு முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று சொல்லிவிடலாம். நானோவின் 2ஆம், 3ஆம் முனைகளில் வெளித் தடங்கல் வசதி (துடிப்பு வந்தவுடன் மற்ற வேலையை நிறுத்தி அதைக் கவனிப்பது) இருப்பதால் இரண்டையும் அங்கேயே இணைக்கலாம். வேகம் ஒரு சிக்கலே அன்று. 360 மீட்டரை 100 விநாடியில் சுற்றினாலும் விநாடிக்குச் சராசரி 38 உருளைச் சுற்றுதான், சுற்றுக்கு நான்கு துடிப்பு என்றாலும் 152. நுண்கட்டுப்படுத்திக்கு இது மிகக் குறைவான வேலை.

கணக்கை உள்ளே மீட்டரில் வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் தேர்ந்தெடுத்த வேகத்துக்கேற்ப மணி, நிமிடம், விநாடியாக மாற்றிக் காட்டலாம். ஒரே நாடாவில் பாதி 19 செ.மீ. வேகத்திலும் பாதி 9.5 செ.மீ. வேகத்திலும் பதிந்திருப்பது வீட்டுப் பதிவுகளில் வழக்கம். நேரத்தையே சேமித்தால் அங்கே குழம்பும், நீளம் குழம்பாது. திரைக்கு நான்கு இலக்கம் போதாது. விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் 540 மீட்டர் நாடா மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். மேக்ஸ்7219 எட்டு இலக்கத் திரையை வாங்குங்கள். மின்சாரம் போனாலும் எண் நிலைக்க வேண்டுமானால் நினைவகத்தில் எழுதலாம், ஆனால் அந்த ஈ.ஈ.பி.ராம் ஓரிடத்தில் ஒரு லட்சம் முறை எழுதுவதற்குத்தான் உறுதியளிக்கப்பட்டது. எனவே நாடா நிற்கும்போது மட்டும் எழுதும்படி நிரலை அமையுங்கள்.

செந்தூல்வாசி எழுதியது:

மிக்க நன்றி, அக்கா. உருளையின் அடிப்பக்கத்தில் நான்கு நியோடிமியம் காந்தங்களைப் பதித்துவிட்டு, முன்பு கூறிய ஹால் சென்சார்களையே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

ரோலர்_கேசட்_சுருள் எழுதியது:

வேண்டவே வேண்டாம். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. சாதாரண இரும்பு ஆக்சைடு நாடாவின் காந்தத் தாங்குதிறன் (பதிவை அழிக்கத் தேவையான எதிர்க் காந்தப்புலம்) சுமார் 300 ஓர்ஸ்டெட், அதாவது காற்றில் 300 காஸ். நியோடிமியம் காந்தத்தின் மேற்பரப்பில் பல ஆயிரம் காஸ் இருக்கும். தொலைவு கூடக்கூட அது விரைவாகக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் அதை நாடா தொட்டுச் செல்லும் உருளைக்குள்ளேயே வைக்கப் போகிறீர்கள். முழுவதும் அழியாவிட்டாலும் உயர்சுரங்கள் மங்கும், இரைச்சல் கூடும், உருளை சுற்றும் தாளத்துக்கு அது ஒலிக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மேலும் கொஞ்சம் போகும். உங்கள் பெரியப்பா பதிந்ததற்கு வேறு பிரதி கிடையாது.

உருளையின் தண்டைத் தளத்துக்குக் கீழே இறக்கி, அதில் துளையிட்ட சிறு வட்டத் தகட்டைப் பொருத்தி, டி.சி.எஸ்.டி.2103 போன்ற பிளவு ஒளிச் சென்சார்கள் இரண்டின் நடுவே அது சுழலும்படி செய்யுங்கள். காந்தமும் இல்லை, அறை வெளிச்சத்தின் தொல்லையும் இல்லை. சுருளின் அடியில், தளத்துக்குக் கீழே தொலைவாக ஒரு சிறு காந்தம் என்றால்கூட நான் தயங்குவேன்.

தண்ணீர்மலையான் எழுதியது:

இவர் கூறுவதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இதோடு திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்.இ.டி. இலக்கங்கள் ஒவ்வொன்றாக மாறி மாறி மின்னித்தான் ஒளிர்கின்றன. அந்த மின்னோட்டத் துடிப்பு ஒலித்தலையின் அருகே போனால் மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும், ஏனென்றால் தலையிலிருந்து வரும் மின்னழுத்தம் மில்லிவோல்ட் அளவினது. திரையைத் தனிப் பெட்டியில், தலைகளிலிருந்து தொலைவில் வையுங்கள். அதற்கான மின்சாரத்தை இயந்திரத்தின் ஒலிப்பெருக்கிச் சுற்றிலிருந்து எடுக்காமல், சிறு டிரான்ஸ்பார்மரும் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் 7805 ரெகுலேட்டரும் கொண்ட தனி வழங்கியிலிருந்து கொடுங்கள். மலிவான ஸ்விட்சிங் சார்ஜர்கள் வேறு வகை இரைச்சலைக் கொண்டுவரும்.

இயந்திரத்தில் எதையும் துளையிடாதீர்கள். உருளைக்கான தாங்கியை ஏற்கெனவே உள்ள திருகுத் துளைகளில் மாட்டும்படி ஒரு தகட்டில் அமைத்து, வேண்டாதபோது கழற்றிவிடும்படி செய்யுங்கள். தண்டு கீழே இறங்க வழியில்லாத இயந்திரமானால், துளைத்தகட்டையும் சென்சாரையும் உருளைக்கு மேலேயே சிறு மூடிக்குள் வைத்துவிடலாம். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் முகப்புத் தகட்டை வெட்டிய இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு எந்தப் பாகம் கிடைத்தாலும் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

செந்தூல்வாசி எழுதியது:

அப்படியே செய்கிறேன், ஐயா. எனக்குள்ள கவலை பெரியப்பாவின் எண்களைப் பற்றியது. அவர் பதிவு செய்த இயந்திரம் இப்போது இல்லை. மீட்டரில் அளக்கத் தொடங்கினால் "347 வில்லுப்பாட்டு" என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

யாழினி_பிஜே எழுதியது:

கண்டுபிடிக்கலாம், தம்பி. வலப்பக்கச் சுருளில் சுற்றுகளின் எண்ணிக்கையும் நீளமும் கொண்ட உறவு எளியது: குமிழ் விட்டத்தோடு, சுற்று எண்ணிக்கையைத் தடிமனால் பெருக்கியதைக் கூட்டி, அந்தத் தொகையைச் சுற்று எண்ணிக்கையாலும் பை எண்ணாலும் (3.1416) பெருக்கினால் நீளம் வந்துவிடும். ஐயா மேலே கொடுத்த 643 சுற்றும் 180 மீட்டரும் இதே கணக்குத்தான். தெரியாதது, அந்தப் பழைய எண்காட்டி ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறியது என்ற விகிதம் மட்டுமே.

ஒரு பெட்டியில் குறித்த நிகழ்ச்சிகளுள் ஒன்றைக் காதால் கேட்டுக் கண்டுபிடித்து, அது எத்தனையாவது மீட்டரில் தொடங்குகிறது என்று புதிய எண்காட்டியில் பாருங்கள். மீட்டரிலிருந்து சுற்று எண்ணிக்கை கிடைக்கும், அதைக்கொண்டு பெரியப்பாவின் எண்ணை வகுத்தால் விகிதம் கிடைக்கும். அதே பெட்டியில் இரண்டாவது நிகழ்ச்சியைக் கொண்டு சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் அவருடைய எண்காட்டி இடப்பக்கச் சுருளிலிருந்து ஓடியிருக்கக்கூடும். அப்போது எண் முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் ஏறியிருக்கும், கணக்கை மறுமுனையிலிருந்து போட வேண்டும். விகிதம் ஒருமுறை கிடைத்துவிட்டால், அதே இயந்திரத்தில் பதிந்த எல்லாப் பெட்டிகளுக்கும் அதுவே செல்லும். திரையின் ஒரு பக்கத்தில் மீட்டரையும் மறுபக்கத்தில் பெரியப்பாவின் எண்ணையும் சேர்த்தே காட்டும்படி நிரலில் எழுதிவிடலாம். அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் அப்படியே பயன்படும்.

ரோலர்_கேசட்_சுருள் எழுதியது:

பூச்சியத்தை எங்கே வைப்பது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நாடாவின் தொடக்கத்தில் நிறமுள்ள லீடர் (ஒலி பதியாத முன்துண்டு) ஒட்டியிருந்தால், அந்த ஒட்டு ஒலித்தலையின்மேல் வரும் இடமே பூச்சியம். லீடர் இல்லையென்றால் புதிதாக ஒட்டுங்கள். சுருளில் நாடாவைச் சொருகும் இடத்தைப் பூச்சியமாக வைத்தால் ஏற்றும் ஒவ்வொரு முறையும் மாறும்.

உருளையைப் பொருத்துமுன் நாடாக்களையும் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்தவை இருக்கும், அவற்றைத் துடைக்காமல் ஓட்டினால் உருளையில் படிந்து விட்டமே மாறிவிடும். ஓடும்போது கிறீச்சிட்டு, பழுப்புத் தூள் ஒட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள், அது பிணைப்புப் பசை நீரேற்று இளகிய நாடா. அவ்வகை நாடாவைச் சுமார் 54 பாகை செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றிய பின்பே ஓட்டுவார்கள். ஆனால் வினிகர் வாடை வீசும் அசிடேட் நாடாவை எக்காரணம் கொண்டும் சூடேற்றக் கூடாது. சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அசிடேட் ஒளியை ஊடுருவ விடும், பாலியெஸ்டர் விடாது.

செந்தூல்வாசி எழுதியது:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். உருளைக்குப் பட்டறையில் சொல்லிவிட்டேன். பழைய எண்காட்டியையும் அதன் இடத்திலேயே ஓடவிட நினைக்கிறேன். அதற்கான பெல்ட் அளவை எப்படி எடுப்பது?

தண்ணீர்மலையான் எழுதியது:

முதலில் கப்பிகளில் ஒட்டிய பழைய ரப்பரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முழுவதும் துடைத்தெடுங்கள், சிறிது மிஞ்சினாலும் புதிய பெல்ட்டையும் அது கெடுக்கும். பிறகு இரண்டு கப்பிகளையும் சுற்றி ஒரு நூலைக் கட்டி நீளத்தை அளந்து, அதைவிட 5 முதல் 10 விழுக்காடு குறைந்த சுற்றளவுள்ள சதுரப் பெல்ட்டை வாங்குங்கள். எண்காட்டிக்கு இறுக்கம் அதிகம் வேண்டாம், பூச்சியப் பொத்தானை அழுத்தும்போது சக்கரங்கள் தடையின்றித் திரும்பினால் போதும்.